முழுசா பார்த்தியா மச்சி?

ஆஸ்கர் லிஸ்ட்டைத் திட்டித் தீர்த்த ஒரு ஹாஸ்டல் ரூமின் கதை!

"டேய், ஏழு மணி ஆயிடுச்சு... சீக்கிரம் லேப்டாப்பைத் திறடா!"

2025 ஜனவரி 23, வியாழக்கிழமை. மெஸ்ஸில் சப்பாத்தி - குருமாவுக்கு க்யூ நீண்டுக்கிட்டிருந்த நேரம். எங்க ஹாஸ்டல் செகண்ட் ஃப்ளோரில் ஒரே ஒரு ரூமில் மட்டும் பதினோரு பேர். ரெண்டு கட்டில், ஒரு லேப்டாப், பாவப்பட்ட ஒருத்தனோட ஹாட்ஸ்பாட். கலிஃபோர்னியாவில் அப்போ விடியற்காலை அஞ்சரை. லாஸ் ஏஞ்சலீஸ் காட்டுத்தீயால் தள்ளிப்போன 97-வது ஆஸ்கர் நாமினேஷன் அறிவிப்பு ஒருவழியா ஆரம்பிச்சது.

எங்க எதிர்பார்ப்பெல்லாம் ஒரே ஒரு படம்தான். பாயல் கபாடியா இயக்கிய 'ஆல் வீ இமேஜின் அஸ் லைட்'. 2024 கான் விழாவில் கிராண்ட் ப்ரீ வாங்கின படம். முப்பது வருஷத்துக்கு அப்புறம் அங்கே மெயின் போட்டிக்குப் போன முதல் இந்தியப் படம். கோல்டன் குளோபில் சிறந்த இயக்குநருக்கான நாமினேஷன் வாங்கின முதல் இந்தியர் பாயல்தான். அப்புறம் என்ன... ஆஸ்கரில் ஏதாவது ஒரு கேட்டகிரியிலாவது பேர் வந்துடும்னு ரூமே நம்பிக்கிட்டிருந்தது.

வரலை.

'எமிலியா பெரெஸ்' படத்துக்கு 13 நாமினேஷன். 'தி ப்ரூட்டலிஸ்ட்', 'விக்கெட்' ரெண்டுக்கும் தலா 10. டெல்லியில் நடக்கிற கதையான 'அனுஜா' குறும்படப் பிரிவில் வந்தது மட்டும்தான் ஆறுதல். லிஸ்ட் முடிஞ்சதும் ரூம் வெடிச்சது.

"வெள்ளைக்காரனுக்கு நம்ம படம்னாலே இளக்காரம்டா!" - இது மெக்கானிக்கல்.

"எல்லாம் காசு மச்சி. பார்ட்டி வெச்சு, விளம்பரம் கொடுத்து, கையைக் காலைப் பிடிச்சாத்தான் உள்ளே விடுவான்." - இது இஸிஇ.

"அவனை விடுங்கடா. நம்ம ஊர்க் கமிட்டியே இந்தப் படத்தை அனுப்பலை. முதல்ல அவங்களைக் கேளுங்க!" - இது சிவில்.

சவுண்ட் ஏறிக்கிட்டே போச்சு. மூலையில் உட்கார்ந்து முறுக்கு தின்னுக்கிட்டிருந்த இஇஇ பையன், வாயைத் துடைச்சுக்கிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"சரி... இந்தப் படத்தை இங்கே எத்தனை பேரு பார்த்திருக்கீங்க?"

பதினோரு பேரில் தூக்கின கை ஒண்ணு. அது அவனோட கைதான். படம் ஹாட்ஸ்டாருக்கு வந்து அன்னிக்கு இருபது நாள் ஆகியிருந்தது. ரூமில் இருந்த பாதிப் பேர் கிட்ட பாஸ்வேர்டும் இருந்தது. அதிகமா கத்தினவன் யார் தெரியுமா? ஹி... ஹி... அடியேன்தான்!

அந்த அவமானத்தில் ராத்திரியோட ராத்திரியா படத்தைப் பார்த்தேன். அதோட நிற்காம, இந்த நாமினேஷன் மெஷின் உள்ளே எப்படித்தான் ஓடுதுன்னு நோண்ட ஆரம்பிச்சேன். இன்ஜினீயரிங் புத்தி பாஸ், சும்மா இருக்காதே!

ஹால் டிக்கெட் வேற... ரேங்க் வேற!

அந்த ஜனவரி முதல் வாரத்திலேயே ஒரு காமெடி நடந்தது ஞாபகம் இருக்கா? 'ஆஸ்கர் ரேஸில் கங்குவா!'ன்னு செய்தி வந்து, ஊரே மீம் போட்டுச்சு. படம் தியேட்டரில் என்ன பாடுபட்டுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். அதனால, 'ஆஸ்கர்காரனுக்கு மூளை குழம்பிடுச்சா'ன்னு நாங்களும் சிரிச்சோம்.

விஷயம் அது இல்லை. அந்த வருஷம் போட்டியிடத் தகுதியுள்ள படங்கள்னு 323 பேர் கொண்ட ஒரு லிஸ்ட் வந்தது. அதில் சிறந்த படத்துக்கான தகுதி மட்டும் 207 படங்களுக்கு. இந்த லிஸ்ட்டுக்குள்ளே வர பெரிய தகுதியெல்லாம் வேண்டாம். அமெரிக்காவில் அவங்க சொல்ற ஆறு பெருநகரப் பகுதிகளில் ஏதாவது ஒண்ணில், தியேட்டரில், டிக்கெட் வித்து, தொடர்ந்து ஏழு நாள் படம் ஓடியிருக்கணும். ஃபார்மை ஒழுங்கா நிரப்பிக் கொடுக்கணும். அவ்வளவுதான். சிறந்த படம் பிரிவுக்கு மட்டும் இன்னும் சில கண்டிஷன்கள் கூடுதலா உண்டு.

அதாவது இது ஹால் டிக்கெட். அட்டெண்டன்ஸ் இருந்து, ஃபீஸ் கட்டினா யாருக்கும் கிடைக்கும். 'சூரரைப் போற்று' படத்துக்கும் 2021-ல் இப்படித்தான் 366 படங்களோட சேர்த்து ஹால் டிக்கெட் கிடைச்சது. நாமதான் ஹால் டிக்கெட்டை ரேங்க் கார்டுன்னு நினைச்சு, ஒவ்வொரு வருஷமும் ஸ்வீட் கொடுத்துக்கிட்டிருக்கோம்.

ஒரு நாடு... ஒரு படம்!

சர்வதேசப் படப் பிரிவு கதையே வேற. அந்த ஆஸ்கர் சமயத்தில் இங்கே தயாரிப்பாளர் நேரா போய்க் கதவைத் தட்ட முடியாது. ஒவ்வொரு நாடும் ஒரே ஒரு படத்தைத்தான் அனுப்பணும். வருஷத்துக்கு ஆயிரத்துக்கும் மேலே படம் எடுக்கிற இந்தியாவுக்கும் ஒண்ணுதான், வருஷத்துக்கு விரல் விட்டு எண்ணுற அளவுக்குப் படம் எடுக்கிற குட்டி நாட்டுக்கும் ஒண்ணுதான்.

நம்ம ஊரில் அந்த ஒரு படத்தைத் தேர்ந்தெடுக்கிறது ஃபிலிம் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியா. 2024-ல் மேஜைக்கு வந்தது 29 படங்கள். அதில் தமிழ் மட்டும் ஆறு: 'மகாராஜா', 'வாழை', 'கொட்டுக்காளி', 'தங்கலான்', 'ஜமா', 'ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்'. அசாமிய இயக்குநர் ஜானு பருவா தலைமையில் 13 பேர் கொண்ட ஜூரி. அவங்க டிக் அடிச்சது கிரண் ராவ் இயக்கின 'லாபதா லேடீஸ்'. முக்காட்டால் ரயிலில் ரெண்டு கல்யாணப் பொண்ணுங்க மாறிப் போயிடற கதை. நல்ல படம்தான், நான் ரெண்டு தடவை பார்த்தேன்.

அப்போ பாயல் படம்? 'இந்தியாவில் நடக்கிற ஐரோப்பியப் படம் மாதிரி இருக்கு'ன்னு ஜூரி நினைச்சதா ஃபெடரேஷன் தலைவர் ரவி கொட்டாரக்கரா விளக்கம் சொன்னார்.

மும்பை ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற ரெண்டு மலையாளி நர்ஸுங்க. ஜெர்மனியில் இருக்கிற புருஷன்கிட்டே இருந்து பேச்சு இல்லை, ஒரு ரைஸ் குக்கர் மட்டும் வந்து சேருது. கூட வேலை செய்ற சமையல்கார அம்மாவை, குடியிருக்கிற வீட்டை விட்டு பில்டர் துரத்துறான். இதில் எது ஐரோப்பா? இன்னொரு தமாஷ், அந்தச் சமையல்கார அம்மாவா நடிச்ச சாயா கதம்தான் 'லாபதா லேடீஸ்'ல ரயில்வே ஸ்டேஷன் டீக்கடை மஞ்சு மாயியும். ஒரே முகம். ஒரு படம் இந்தியாவாம், இன்னொண்ணு ஐரோப்பாவாம்!

சரி, அது ஐரோப்பியப் படம்தான்னா ஐரோப்பா அனுப்பியிருக்கணுமே? அதையும் முயற்சி பண்ணாங்க பாஸ். பிரான்ஸும் சேர்ந்து தயாரிச்ச படம்ங்கிறதால், அந்த நாட்டோட கடைசிக்கட்டப் பட்டியலில் இருந்த நாலு படங்களில் இதுவும் ஒண்ணு. கடைசியில் பிரான்ஸ் அனுப்பினது 'எமிலியா பெரெஸ்'. ஆக, மாமியார் வீட்டுலேயும் இடமில்லை, அம்மா வீட்டுலேயும் இடமில்லை.

2024 டிசம்பரில் 15 படங்கள் கொண்ட ஷார்ட் லிஸ்ட் வந்தப்போ 'லாபதா லேடீஸ்' அதில் இல்லை. ஆனா, 'சந்தோஷ்'னு ஒரு ஹிந்திப் படம் இருந்தது. அனுப்பினது யார்? பிரிட்டன்! இரான் அரசு தண்டனை கொடுத்ததால் நாட்டை விட்டே தப்பி வந்த இயக்குநர் முகமது ரசூலோஃப் எடுத்த பாரசீக மொழிப் படத்தை ஜெர்மனி அனுப்பினது. அது கடைசி அஞ்சுக்குள்ளேயே வந்துடுச்சு. நாடு கைவிட்டாலும் பக்கத்து வீடு கைகொடுத்தா படம் கரையேறிடும்.

இந்தப் பிரிவில் இந்தியா கடைசி அஞ்சுக்குப் போனது மூணே தடவைதான். 'மதர் இந்தியா', 'சலாம் பாம்பே', 'லகான்'. 'தெய்வ மகன்' தொடங்கி 'நாயகன்', 'தேவர் மகன்', 'ஹே ராம்', 'விசாரணை', 'கூழாங்கல்'னு தமிழிலிருந்து போன எந்தப் படமும் அந்த அஞ்சைத் தொடலை.

ஆனா, மற்ற கதவுகள் திறந்தேதான் இருக்கு. அந்தப் பிரிவுகளில் எந்த நாட்டோட சிபாரிசும் தேவையில்லை. 2022-ல் இந்தியா அனுப்பாத 'ஆர்.ஆர்.ஆர்' படம்தான் 2023-ல் பாட்டுக்கு ஆஸ்கர் வாங்கிச்சு. அதே மேடையில் நம்ம முதுமலை யானைப் பாகன் பொம்மனும் பெள்ளியும் தமிழ் பேசுற 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' ஆவணக் குறும்பட ஆஸ்கரை ஜெயிச்சது. பாயல் படத்துக்கும் அந்த மற்ற கதவுகள் திறந்துதான் இருந்தது. அமெரிக்காவில் ரிலீஸான படம், சிறந்த இயக்குநர், திரைக்கதைன்னு எதுக்கு வேணும்னாலும் ஓட்டு விழுந்திருக்கலாம். விழலை. அதனால, எல்லாப் பழியையும் நம்ம ஊர்க் கமிட்டி மேலேயே போடுறதும் நியாயமில்லை.

101 மேஜிக்!

ஏன் விழலை? இங்கேதான் கணக்கு வருது. பயப்படாதீங்க, எம்-3 அளவுக்கு இல்லை.

அகாடமியில் பத்தாயிரம் பேருக்கு மேலே மெம்பர்ஸ். இயக்குநரை இயக்குநர்களும், எடிட்டரை எடிட்டர்களும்தான் நாமினேட் பண்ணுவாங்க. சிறந்த படத்துக்கு மட்டும் எல்லாருக்கும் ஓட்டு. ஓட்டுச்சீட்டில் ஒரு பேரை மட்டும் எழுதக் கூடாது, 1, 2, 3ன்னு வரிசை போடணும்.

ஒரு பிரிவில் 600 பேர் ஓட்டுப் போடுறதா வெச்சுக்குவோம். இடம் அஞ்சு. 600-ஐ ஆறால் வகுத்து ஒண்ணைக் கூட்டினா 101. இந்த 101-ஐத் தொட்டவங்க உள்ளே. ஏன் ஆறால் வகுக்கணும்? ஆறு பேருக்கு ஆளுக்கு 101 கிடைக்கணும்னா 606 ஓட்டு வேணுமே... இருக்கிறதே 600தான். அதனால, அஞ்சு பேருக்கு மேலே தாண்டவே முடியாது. சிம்பிள்!

முதல்ல எண்ணுறது நம்பர் ஒன் ஓட்டுகளை மட்டும்தான். கடைசியில் இருக்கிற படத்தைத் தூக்கிட்டு, அந்தச் சீட்டுகளை அடுத்த சாய்ஸுக்கு மாத்துவாங்க. இதில் என்ன ஆகும்னா, 600 பேரும் 'நல்லாத்தான் இருக்கு'ன்னு மூணாவது, நாலாவது இடத்தில் எழுதுற படம் முதல் ரவுண்டிலேயே காலி. 101 பேர் மட்டும் 'இதுதான்டா படம்'னு உயிரைக் கொடுத்து முதல் இடத்தில் எழுதினா, மீதி 499 பேருக்குப் பிடிக்கலைன்னாலும் அது உள்ளே.

ஆக, லிஸ்ட்டில் பேர் இல்லைன்னா 'கேவலமான படம்'னு அர்த்தமில்லை. 'இளக்காரம்'னும் அர்த்தமில்லை. முதல் இடத்தில் எழுதுற அளவுக்குப் போதுமான பேர் அதைப் பார்த்துக் காதலிக்கலைன்னுதான் அர்த்தம். காதலிக்கணும்னா முதல்ல பார்க்கணும். நூத்துக்கணக்கான படங்களில் அதைத் தேடி உட்கார்ந்து பார்க்க வைக்கத்தான் பார்ட்டி, விளம்பரம், காசு எல்லாம். இஸிஇ சொன்னது பாதி கரெக்ட்.

லிஸ்ட்டில் மலைபோல இருந்த படம் கடைசியில் என்ன ஆச்சுன்னும் சொல்லிடறேன். 13 நாமினேஷனோட போன 'எமிலியா பெரெஸ்' 2025 மார்ச்சில் வாங்கினது ரெண்டு. சர்வதேசப் பிரிவிலேயே பிரேசிலோட 'ஐயாம் ஸ்டில் ஹியர்' கிட்டே தோத்துப் போச்சு. ஆறே நாமினேஷனோட வந்த 'அனோரா' அஞ்சை அள்ளிக்கிட்டுப் போயிடுச்சு!

எங்க ஊர் ஜூரி!

இதோட முடிச்சிருந்தா நான் ரொம்ப நல்லவன்னு நினைச்சிருப்பீங்க. இனிமேதான் கதையே.

நாமினேஷன் சண்டை நடந்த அடுத்த மாசம், இன்னொரு காலேஜ் கல்ச்சுரல்ஸில் குறும்படப் போட்டி. ரூல் என்ன தெரியுமா? ஒரு காலேஜுக்கு ஒரு படம்! எங்க காலேஜில் வந்த படங்கள் ஒன்பது. தேர்ந்தெடுக்க நாலு பேர் கமிட்டி. அதில் ஒருத்தன் நான். ரெண்டாம் வருஷத்திலேயே ஜூரி... கெத்து வேற.

அது இன்டர்னல்ஸ் நேரம். பென்டிரைவைச் சொருகிட்டு, ஒரு கையில் சிக்னல்ஸ் புக், இன்னொரு கையில் மௌஸ். ரெண்டு நிமிஷம் பார்ப்போம், ஃபார்வர்டு. இன்னொரு நிமிஷம், ஃபார்வர்டு.

ஒரு ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு எடுத்த படம் 14 நிமிஷம். அவளோட அப்பா டவுன் பஸ் கண்டக்டர். செல்போனில் எடுத்தது. பி.ஜி.எம் கிடையாது, டயலாக் அதிகம் கிடையாது. ஒரு மனுஷன் பஸ்ஸில் ஏறுறார், டிக்கெட் கிழிக்கிறார், சில்லறை எண்ணுறார், டிபன் பாக்ஸைத் திறக்கிறார். மூணு நிமிஷத்தில் எனக்குக் கொட்டாவி வந்துடுச்சு.

"ஏதோ ஃபெஸ்டிவல் படம் மாதிரி இருக்குடா. நம்ம காலேஜ் படம் மாதிரி இல்லை"ன்னு ஒருத்தன் சொன்னான். மூணு பேர் தலையாட்டினோம். ட்ரோன் ஷாட்டும் ஸ்லோமோஷனுமா ஒரு படத்தை அனுப்பிட்டோம். அது பரிசு வாங்கலை. வாங்கியிருந்தாலும் நான் பண்ணினது சரியாகிடாது.

ரெண்டு நாள் கழிச்சு கேன்டீன் வாசலில் அந்தப் பொண்ணு நின்னுச்சு. சண்டையெல்லாம் போடலை.

"அண்ணா, படம் பிடிக்கலைன்னா பரவாயில்லைண்ணா. முழுசா பார்த்தீங்களா?"

"ம்... பார்த்தோம்மா. ஆரம்பம் கொஞ்சம் ஸ்லோ, அதான்..."

பொய். டீ கிளாஸைப் பார்த்துக்கிட்டே சொன்ன பச்சைப் பொய்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. பென்டிரைவை எடுத்து அந்த 14 நிமிஷத்தையும் பார்த்தேன். பன்னிரண்டாவது நிமிஷம், அப்பா வீட்டுக்கு வந்து பாயில் படுக்கிறார். தூக்கத்தில் வரிசையா ஸ்டாப்பிங் பேரைச் சொல்லிக்கிட்டே இருக்கார். பக்கத்தில் படுத்திருக்கிற அம்மா, கண்ணைத் திறக்காமலே அவர் தோளில் லேசா தட்டி, 'போலாம்... ரைட்'னு சொல்றாங்க. அவர் அமைதியாகித் தூங்கிடறார்.

அவ்வளவுதான் படம். எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு.

ஃபிலிம் ஃபெடரேஷன் ஜூரியை அந்த ரூமில் நான் என்னவெல்லாம் திட்டினேன்! அவங்க சொன்ன காரணம் தப்பா இருக்கலாம். ஆனா, அதை வெளியே சொன்னாங்க. நான் பார்க்காமலே தள்ளிட்டு, பார்த்தேன்னு சாதிச்சிருக்கேன். வார்த்தை கூட கிட்டத்தட்ட அதே வார்த்தை, 'நம்ம படம் மாதிரி இல்லை'.

97 விழாவுக்கு அப்புறம் ஒரு ரூல்!

2025 ஏப்ரலில் அகாடமி ஒரு புது விதியை அறிவிச்சது. இனிமே இறுதிச் சுற்றில் ஒரு பிரிவுக்கு ஓட்டுப் போடணும்னா, அந்தப் பிரிவில் நாமினேட் ஆன எல்லாப் படத்தையும் பார்த்திருக்கணும். அகாடமியோட சொந்தத் தளத்தில் பார்த்தா அதுவே கணக்கு வெச்சுக்கும். வெளியே பார்த்திருந்தா எங்கே, எப்போ பார்த்தேன்னு ஃபார்ம் நிரப்பணும்.

இதைப் படிச்சப்போ முதல்ல சிரிச்சேன். 1929-ல் முதல் விழா நடந்த விருது... 'படத்தைப் பார்த்துட்டு ஓட்டுப் போடுங்க'ன்னு எல்லாப் பிரிவுக்கும் ரூல் போட 97 விழா முடிய வேண்டியிருந்திருக்கு! சில பிரிவுகளில் முன்னாடியே இந்தக் கட்டாயம் இருந்தது. மத்ததெல்லாம் மனசாட்சிக்கு விட்ட விஷயம். மனசாட்சியை நம்பினா என்ன ஆகும்னு எனக்கு நல்லாவே தெரியுமே.

அப்புறம் சிரிப்பு நின்னுடுச்சு.

இப்போ தேர்டு இயர். இந்தத் தடவையும் குறும்படக் கமிட்டியில் நான் இருக்கேன். வந்தது பன்னிரண்டு படம். கமிட்டி ரூம் கதவில் ஒரு சார்ட் ஒட்டினோம். குறுக்கே படங்களோட பேர், நெடுக்கே எங்க பேர். முழுசா பார்த்தவன் மட்டும் கட்டத்தில் கையெழுத்துப் போடணும். ஒரு கட்டம் காலியா இருந்தாலும் அவனுக்கு ஓட்டு இல்லை. ரெண்டு ராத்திரி போச்சு. சில படங்கள் நிஜமாவே மரண மொக்கை. ஆனா, மொக்கைன்னு சொல்ல இப்போ எங்களுக்கு உரிமை இருக்கு!

கமிட்டியில் இந்த வருஷம் கண்டக்டர் மகளும் இருக்கா. முதல் நாள் சார்ட் ஒட்டிக்கிட்டிருக்கும்போது, செல்லோ டேப்பைப் பல்லில் கடிச்சுக்கிட்டே சொல்லிட்டேன்.

"ஏம்மா... போன வருஷம் உன் படத்தை நான் முழுசா பார்க்கலை. மூணு நிமிஷம்தான் பார்த்தேன். அப்புறமாத்தான் பார்த்தேன். சாரி."

"தெரியும்ணா."

"எப்படி?"

"பார்த்தவங்க யாரும் ஆரம்பத்தைப் பத்திப் பேசலைண்ணா. எல்லாரும் எங்க அம்மாவைப் பத்தித்தான் கேட்டாங்க."

சொல்லிட்டு டேப்பை வாங்கி, சார்ட்டோட இன்னொரு மூலையை ஒட்ட ஆரம்பிச்சுட்டா.

அடுத்த ஜனவரியில் நாமினேஷன் லிஸ்ட் வரும். எங்க ரூமில் சண்டையும் வரும், வரணும். 'ஏன்டா இந்தப் படம் இல்லை'ன்னு கத்துறதுதான் சினிமா பைத்தியத்துக்கே அழகு. ஆனா, எங்க ரூமில் இப்போ ஒரு சின்ன ரூல் இருக்கு பாஸ். வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி முறுக்குப் பாக்கெட்டோட மூலையில் உட்கார்ந்திருக்கிறவன் கேட்பான்...

"முழுசா பார்த்தியா மச்சி?"